சாகுலுக்கு: 701 பிளாக்குக்கு ஸ்லீவ் போடுவது பற்றி

காரைக்குடி,
புரட்டாசி.

அன்புள்ள சாகுலுக்கு,

மாணிக்கம் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை சொன்ன எண்ணெய் கேட்கிறதா என்று எழுது. இந்தப் பக்கம் ஊருணிகளில் தண்ணீர் அடியில்தான் கிடக்கிறது. ஐப்பசி மழையைப் பார்த்துக் காத்திருக்கிறோம். மழை வந்தால் தொண்டியில் உனக்குத் தொழில் நிற்கும். எஞ்சினைக் கழற்ற அதுதான் தோதான காலம். அதனால் நீ கேட்டதற்கு இப்போதே விரிவாக எழுதிவிடுகிறேன்.

உன் கேள்வி: வாட்டர் ஸ்கூட்டரின் யமஹா 701 எஞ்சின் இரண்டாவது சிலிண்டரில் சீஸ் ஆகிவிட்டது (பிஸ்டன் சிக்கிக்கொண்டது), சுவர் ஆழமாகக் கீறிவிட்டது. இனி ரீபோர் பண்ண, அதாவது சுவரைப் பெரிதாகக் கடைய, இடமில்லை. புது ஸ்லீவ், அதாவது சிலிண்டருக்குள் செருகும் வார்ப்பிரும்புக் குழாய், போடுவதென்றால் பழைய 81 மி.மீ. அளவிலேயே போடவா, இல்லை பெரிய ஸ்லீவ் இறக்கி 84 ஆக்கிவிடவா?

81 போதும். உன் வண்டி வாடகைக்கு ஓடுவது. நாள் முழுக்க யார் யாரோ ஏறி திராட்டிலை முழுசாகத் திருகுவார்கள். 81 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 68 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம்) சேர்ந்து இரண்டு சிலிண்டருக்கு 701 சி.சி. 84 ஆக்கினால் 754 சி.சி. ஆகும், அதாவது ஏழரை சதவீதம் கூடுதல். அந்த ஏழரை சதவீதத்துக்காக என்னென்ன மாற்ற வேண்டும் என்று பார். இரண்டு போரும் ஒரே அலுமினிய வார்ப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, நடுத்தூரம் மாறாது. 84 போருக்குச் சுவர் போதுமான தடிமனில் இருக்க வேண்டுமென்றால் ஸ்லீவின் வெளிவிட்டம் கூடும், அதற்காக இரண்டு போருக்கும் நடுவில் உள்ள அலுமினியத்தைத் தின்ன வேண்டும். ஸ்லீவின் கீழ்ப்பகுதி கிராங்க்கேஸ் வாய்க்குள் இறங்குவதால் அந்த வாயையும் கடைய வேண்டும். ஹெட் டோமை (சிலிண்டர் மூடியின் உட்குழிவை) மறுபடி வெட்ட வேண்டும். கேஸ்கெட், கார்புரேட்டர் ஜெட், பம்ப் இம்பெல்லர் எல்லாம் மாறும். பிஸ்டன் எடை கூடி, கிராங்கின் பேலன்ஸ் பழையபடி இருக்காது. பந்தயத்துக்கு ஓட்டுகிறவனுக்கு இது சரி. உனக்கு 81இல் ஸ்லீவ் போட்டால் இன்னொரு லாபமும் உண்டு: பின்னால் தேய்ந்தாலும் 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு 82 வரை போகலாம்.

இனி ஸ்லீவ் விஷயம். நீ அனுப்பிய படத்தில் கீறலைவிட என் கண்ணில் பட்டது வேறு. சிலிண்டரின் மேல்விளிம்பில், ஸ்லீவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் பழுப்புக் கோடு ஓடுகிறது. அது துரு. இதற்கு முன் ஸ்லீவ் போட்ட பட்டறைக்காரர்கள் பிடிப்பை, அதாவது ஸ்லீவின் வெளிவிட்டம் துளையைவிட எவ்வளவு பெரிது என்பதை, இரும்பு பிளாக்குக்கு வைக்கிற கணக்கில் வைத்திருக்க வேண்டும். டிராக்டர், லாரி பிளாக்கில் ஸ்லீவும் பிளாக்கும் ஒரே உலோகம், சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும். அங்கே 0.05 மி.மீ. பிடிப்பு போதும். இங்கே அலுமினியத்துக்குள் வார்ப்பிரும்பு. ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு அலுமினியம் 23 மைக்ரான் விரியும், வார்ப்பிரும்பு 11 மைக்ரான்தான். ஸ்லீவ் வெளிவிட்டத்தைக் கணக்குக்கு 88 மி.மீ. என்று வைத்துக்கொள். எஞ்சின் நின்ற நிலையிலிருந்து 60 டிகிரி ஏறினால் அலுமினியத் துளை ஸ்லீவைவிட 0.063 மி.மீ. அதிகமாக விரியும். 0.05 பிடிப்பு அங்கேயே காணாமல் போய்விடும். ஸ்லீவ் அலுமினியத்தைவிடச் சற்றுக் கூடுதல் சூடாக இருப்பதால் இழப்பு கொஞ்சம் குறையும்தான், ஆனாலும் எக்ஸாஸ்ட் பக்கம் ஸ்லீவ் தளர்ந்துவிடும்.

தளர்ந்தால் மூன்று கேடு. ஒன்று, ஸ்லீவிலிருந்து சூடு அலுமினியத்துக்கும் அதிலிருந்து தண்ணீருக்கும் போகிற வழி அறுந்துவிடும்; அந்த இடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு, பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் ஸ்லீவ் மயிரிழை அசைந்து, போர்ட் (காற்றும் புகையும் போகும் துளை) வாய்கள் வார்ப்பின் வாய்களோடு பொருந்தாமல் போகும். மூன்றாவதுதான் உன் ஊருக்கு உரியது: ஹெட் கேஸ்கெட் கொஞ்சம் கசிந்தாலும் கடல்நீர் அந்த இடுக்கில் இறங்கும். உப்புநீரில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், இரும்பு தானாகவும் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பருமனில் பெரியது, வெளியே போக இடமில்லாமல் ஸ்லீவை உள்ளே தள்ளும். போர் முட்டை வடிவமாகும். 1953இல் திறந்த நம் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இந்த அரிப்பையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கடலோரத்து எஞ்சினுக்கு வேலை செய்கிறவன் அதை மறக்கவே கூடாது.

ஆகவே பிடிப்பு 0.09 முதல் 0.10 மி.மீ. வேண்டும், பட்டறைக் கணக்கில் நாலு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு). 0.10 வைத்தால் அந்த 60 டிகிரிக்குப் பிறகும் 0.037 மிஞ்சும். அதற்காக 0.15, 0.18 என்று கூட்டிவிடவும் கூடாது. வார்ப்பு இழுபட்டு நிரந்தரமாக விரிந்துவிடும், இரண்டு போருக்கும் நடுவில் விரிசல் வரும், ஸ்லீவும் போர்ட் திறந்திருக்கும் இடங்களில் உள்ளே பிதுங்கும். கடைந்த துளை 0.01க்குள் வட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். கருவி வரிகள் மேடும் பள்ளமுமாக இருந்தால், ஸ்லீவ் இறங்கும்போது மேடுகள் நசுங்கி, அளந்த பிடிப்பு பாதியாகிவிடும். குறைந்த பிடிப்பைச் சரிக்கட்டப் பசை தடவுகிறவர்கள் உண்டு. பசை சூட்டைக் கடத்தாது. அந்த வேலை வேண்டாம்.

பழைய ஸ்லீவை எடுக்க, வார்ப்பை அடுப்புப் பெட்டியில் 200 டிகிரிக்குச் சூடாக்கித் தலைகீழாகப் பிடித்தால் பெரும்பாலும் தானே விழும். விழவில்லையென்றால் மெஷினில் கடைந்து எடுக்க வேண்டும், சுத்தியல் கூடாது. நீ பக்கத்துக் கடைக்காரரின் ஸீ-டூ 951 வாட்டர் ஸ்கூட்டர் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் இரும்பு ஸ்லீவே கிடையாது. அலுமினியச் சுவரில் நிக்கலோடு சிலிக்கன் கார்பைடு துகள் கலந்த நிகாசில் பூச்சு இருக்கும். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் வாங்கெல் எனும் சுழல் எஞ்சினுக்காகக் கொண்டுவந்தது அது. மிகக் கடினமானது, சாதாரண ஹோன் கல் (போர்ச் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் கல்) அதை ஒன்றும் செய்யாது. பூச்சு உரிந்தால் மறுபடி பூச வேண்டும், அல்லது கார்பைடு முனையால் பூச்சைக் கடைந்துவிட்டு இரும்பு ஸ்லீவ் போட வேண்டும். ஸ்லீவ் போட்டால் அடுத்தடுத்த ரீபோருக்கு வழி கிடைக்கும், ஆனால் எடையும் கூடும், சூடு இறங்குவதும் மந்தப்படும். பிஸ்டனுக்கு விடும் இடைவெளியையும் இரும்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுவதை நீ பார்த்திருக்கிறாய். வெளியே இருப்பதைக் காய்ச்சி விரியவிட்டு மாட்டினால் ஆறும்போது இறுக்கிக்கொள்ளும். ஸ்லீவ் இறக்குவதும் அதே முறைதான். வார்ப்பு 30 டிகிரியிலிருந்து 200க்குப் போனால் 88 மி.மீ. துளை 0.34 மி.மீ. விரியும். 0.10 பிடிப்பைக் கழித்தால் 0.24 இடைவெளி, ஸ்லீவ் கையாலேயே இறங்கும். ஸ்லீவை ஐஸ்பெட்டியில் வைத்தால் இன்னும் 0.04 கிடைக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வை, இல்லாவிட்டால் மேலே உறைபனி படிந்து, அந்த ஈரமே துருவுக்கு விதையாகும். கேஸ் டார்ச்சால் ஒரு பக்கம் காய்ச்சுவது கூடாது, வார்ப்பு கோணிவிடும். அடுப்பில் ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். இன்ஃப்ராரெட் கருவியால் சூடு பார்க்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஓரிடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து அங்கே பார்க்க வேண்டும். 230ஐத் தாண்டவிட்டால் அலுமினியத்தின் வலு இறங்கும்.

இறக்குவதற்கு முன்பே ஸ்லீவின் மேல்விளிம்பிலும் வார்ப்பிலும் நேர்க்கோடு கீறி வைக்க வேண்டும். உள்ளே போன ஐந்தாறு நொடியில் ஸ்லீவ் சூட்டை வாங்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு திருப்ப முடியாது. இறங்கியதும் மேலே தடித்த தகடு வைத்துப் போல்ட்டால் இறுக்கிவிட வேண்டும். ஆறும்போது அலுமினியம் சுருங்கி, ஸ்லீவை மேலே தூக்கப் பார்க்கும். விளிம்பு வார்ப்பில் அதற்காகக் கடைந்த படியில் முழுசாக உட்காராமல் 0.2 தூக்கிக்கொண்டால், போர்ட் எல்லாம் அதே 0.2 மேலே போய்விட்டது என்று பொருள். தானாக ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. படியின் மூலையில் கருவி விட்ட சிறு வளைவு இருக்கும். ஸ்லீவ் விளிம்பின் கீழ்மூலையை அரை மி.மீ. சரித்து விடவில்லையென்றால் அந்த வளைவின் மேல் குந்திக்கொள்ளும். ஹெட்டை இறுக்கும்போது விளிம்பு வெடிக்கும். வெடித்த துண்டு எங்கே போகும் என்று உனக்கே தெரியும். ஆறிய பிறகு மேல்தளத்தை ஒரு மெல்லிய வெட்டு எடுத்து, ஸ்லீவும் வார்ப்பும் ஒரே மட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

போர்ட் வேலை இதைவிடப் பொறுமை கேட்பது. பழைய ஸ்லீவை எடுக்கும் முன், போருக்குள் ஒரு காகிதத்தைச் சுற்றி வைத்துப் பென்சிலால் தேய்த்துப் போர்ட் விளிம்புகளை நகல் எடுத்துவிடு. ஒவ்வொரு போர்ட்டின் மேல்விளிம்பும் மேல்தளத்திலிருந்து எத்தனை மி.மீ. கீழே என்று வெர்னியரில் அளந்து எழுதி வை. டூ-ஸ்ட்ரோக்கில் ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி ஹெட் வால்வு கிடையாது. இந்த உயரங்கள்தான் எஞ்சினின் நேரக்கணக்கு. வாங்கும் ஸ்லீவில் போர்ட் வெட்டியிருந்தாலும், வேண்டுமென்றே சற்றுச் சிறியதாகத்தான் வெட்டியிருப்பார்கள். உள்ளே போன பிறகு டை கிரைண்டரில் கார்பைடு பர் மாட்டி, வார்ப்பின் வாயோடு சமமாகக் கொண்டுவர வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், மாறினால் ஒன்று உழைக்கும், மற்றது இழுபடும். எக்ஸாஸ்டை உயர்த்தினால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். உயர்த்தினால் கீழ்வேகத்தில் இழுப்பு போகும். வாடகை வண்டிக்கு வேண்டியது கீழ்வேக இழுப்புதான். பழைய உயரத்திலேயே விடு.

ரீபோரும் ஹோனிங்கும் ஸ்லீவ் இறங்கிய பிறகுதான் செய்ய வேண்டும். பிடிப்பு ஸ்லீவை உள்ளே சுருக்கியிருக்கும், முன்பே கடைந்து வைத்த அளவு நிற்காது. ஹெட்டுக்குப் பதில் தடித்த டார்க் பிளேட்டைக் கேஸ்கெட்டோடு மாட்டி, ஹெட் போல்ட்டுக்கு உரிய இறுக்கத்தில் இறுக்கிவிட்டுக் கடைய வேண்டும். போல்ட் இறுக்கும்போது போர் வளையும், அந்த வளைவோடுதான் பிஸ்டன் ஓடப்போகிறது.

பிஸ்டன் கையில் வராமல் போரில் கை வைக்காதே. பெட்டியில் 81.00 என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கடைகிறவர்கள்தான் இந்த வேலையின் பெயரைக் கெடுக்கிறார்கள். பிஸ்டன் வட்டமும் இல்லை, நேரும் இல்லை; மேலே சிறுத்து, பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) ஓடும் திசையில் ஒடுங்கியிருக்கும். பின்னுக்குக் குறுக்குத் திசையில், ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பாகத்தின்) அடியிலிருந்து பத்து மி.மீ. மேலே மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் வேறு உயரம் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. இரண்டு பிஸ்டனையும் தனித்தனியே அளந்து, எது எந்தச் சிலிண்டருக்கு என்று எழுதி வைக்க வேண்டும். வார்ப்புப் பிஸ்டனுக்கு இந்த அளவில் 0.07 முதல் 0.08 வரை இடைவெளி, ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு 0.10 முதல் 0.12 வரை. ஃபோர்ஜ்டு அதிகம் விரியும். இரண்டு சக்கர வண்டி மெக்கானிக் இந்த எண்ணைக் கேட்டால் அதிகம் என்பார். அவர் வண்டி காற்றில் ஆறுவது, சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்து சூடாகும். வாட்டர் ஸ்கூட்டரில் ஜெட் பம்ப் தள்ளும் கடல்நீர் சிலிண்டரைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும்போது, கிளப்பியதும் முழுத் திராட்டில் கொடுத்தால் பிஸ்டன் மட்டும் விரியும். அப்போது நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் பிடிக்கும். உனக்கு வார்ப்புப் பிஸ்டனைத்தான் சொல்வேன்: சத்தம் குறைவு, குளிரில் பிடிக்கும் பயம் குறைவு, ஆயுள் அதிகம்.

ரிங் இடைவெளி, அதாவது ரிங்கின் இரு முனைக்கும் நடுவில் உள்ளது, 0.30 முதல் 0.40 வரை. ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகட்டால்) பார். போர் 0.10 பெருத்தால் ரிங் இடைவெளி 0.31 கூடும், சுற்றளவல்லவா. பின்னால் தேய்மானம் பார்க்க இதுவே எளிய வழி. ரிங்கின் முனையை நிறுத்தும் சிறு பின் எந்தப் போர்ட்டின் மேலும் ஓடக் கூடாது. வேறு எஞ்சினின் பிஸ்டனைப் பொருத்தும்போது பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது: ரிங் முனை போர்ட்டுக்குள் எட்டிப் பார்த்து, மாட்டி, முறிந்துவிடும்.

போர் கடைந்து முடிந்ததும் போர்ட் விளிம்புகள் கத்தியாக இருக்கும். எல்லாப் போர்ட்டுக்கும், மேலும் கீழும், அரை முதல் ஒரு மி.மீ. வரை சரித்து மழுக்க வேண்டும். கடைசி ஹோனிங் அதற்குப் பிறகுதான், 220 முதல் 280 வரையான கல்லில், குறுக்கு வரிகள் 45 முதல் 60 டிகிரிக்குள். எக்ஸாஸ்ட் போர்ட் நடுவில் பாலம் உள்ள சிலிண்டராக இருந்தால், இரண்டு பக்கமும் நெருப்பு போவதால் அந்தப் பாலம் உள்ளே உப்பும். அதை மட்டும் 0.05 முதல் 0.08 வரை தேய்த்து உள்வாங்கவிட்டு, பாலத்துக்கு நேராகப் பிஸ்டனில் கீழ் ரிங்குக்கு ஏழரை மி.மீ. கீழே தொடங்கி, ஒன்பதரை மி.மீ. இடைவெளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு துளை, இரண்டு மி.மீ. அளவில் போட வேண்டும். உள்ளிருந்து எண்ணெய் அந்த வழியாகப் பாலத்துக்கு வரும்.

கழுவுவது பெட்ரோலில் இல்லை, வெந்நீரும் சோப்பும் பிரஷும் போட்டு. பெட்ரோல் எண்ணெயை எடுக்கும், கல்துகளை வரிகளுக்குள்ளேயே விட்டுவிடும். எண்ணெய் தோய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரை கழுவிவிட்டு, உடனே 2T எண்ணெய் பூச வேண்டும். தொண்டிக் காற்றுக்கு வெறும் வார்ப்பிரும்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

மாட்டும்போது பிஸ்டன் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். பிஸ்டன் பின்னை நிறுத்தும் சர்க்ளிப் எப்போதும் புதியது, அதன் வாய் நேர்மேலே அல்லது நேர்கீழே. பழைய ஹெட் அப்படியே பொருந்தும், ஆனால் மேல்தளத்தில் வெட்டு எடுத்திருப்பதால் ஸ்குவிஷ் இடைவெளியை (உச்சிக்கு வந்த பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ளதை) பார்த்துவிட வேண்டும். பிஸ்டன் பின் ஓடும் திசையில் இரண்டு ஓரத்திலும் இரண்டு மி.மீ. ஈயக்கம்பி வைத்துக் கிராங்கைச் சுற்று. நசுங்கியது 1.2 முதல் 1.3 வரை இருந்தால் நல்லது, ஒன்றுக்குக் கீழே இறங்கவே கூடாது. கேஸ்கெட்டின் துளை போரைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு தணலாகச் சிவந்து, தீப்பொறிக்கு முன்பே பற்றவைத்துவிடும்.

சீஸ் ஆனதற்குக் காரணம் தளர்ந்த ஸ்லீவ் மட்டும்தானா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை. இரண்டாவது சிலிண்டர் மட்டும் போயிருக்கிறது. மூடிய எஞ்சினில் 0.4 பார் காற்று ஏற்றிப் பார், சில நிமிடம் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நுரை தடவிக் கிராங்க் சீல், கார்புரேட்டர் அடி, பல்ஸ் குழாய் எல்லாவற்றையும் தேடு. காற்றுக் கசிவு இருந்தால் புது ஸ்லீவும் அதே மாதிரி போகும். பெட்ரோலையும் விட்டுவிடாதே. இப்போது பங்கில் கிடைப்பதில் இருபது சதவீதம் எத்தனால். அதற்குக் காற்று குறைவாகப் போதும், பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை ஏழெட்டு சதவீதம் வறண்டுபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு எண் கூட்ட வேண்டும், கார்புரேட்டர் டயாஃபிரம் ரப்பரையும் மாற்ற வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்கப் பெட்ரோலை டாங்கில் விட்டுவைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். பாக் விரிகுடாக் கடற்புல் பம்ப் வாயை அடைப்பதையும் உன் ஆட்களுக்குச் சொல்லி வை. வேகம் குறைந்து சத்தம் மட்டும் ஏறினால் அந்த நொடியே நிறுத்தச் சொல். அங்கே ரேடியேட்டர் கிடையாது, பம்ப் தண்ணீர் நின்றால் எஞ்சின் ஆற வேறு வழியில்லை.

ஓட்டிப் பழக்கும்போது ஆயில் இன்ஜெக்‌ஷன் இருந்தாலும் முதல் டாங்குக்கு 50க்கு 1 என்று TC-W3 தண்ணீர்வண்டி எண்ணெயைப் பெட்ரோலிலும் கலந்துகொள். தண்ணீரில் ஐந்து நிமிடம் ஏற்றி இறக்கி ஓட்டு, முழுசாக ஆறவிடு, மறுபடி ஓட்டு. இப்படி மூன்று தடவை. ஹெட் போல்ட்டை ஆறிய பிறகு மறுபடி இறுக்கு. முதல் டாங்கில் முக்கால் திராட்டிலைத் தாண்டாதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்கவும் கூடாது. கரையில் ஹோஸ் மாட்டி ஓட்டினால் முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

பிளாக், ஹெட், இரண்டு பழைய பிஸ்டன், பழைய கேஸ்கெட், ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டித் தேவகோட்டை வழியாக வரும் பஸ்ஸில் போட்டு அனுப்பு. பிஸ்டனைத் துடைக்காதே, தலையில் உள்ள கரியையும் சுரண்டாதே. கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டுமா, நாலு மூலையிலுமா, ஓரத்தில் கொத்தின மாதிரி குழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஜெட் எண்ணைச் சொல்ல முடியும். நான் சொல்லும் வரை புதுப் பிஸ்டன் வாங்காதே. பழைய ஸ்லீவை எடுத்து, வார்ப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்த பிறகு வாங்கலாம்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்